சௌல்தாரியில் தொடங்கும் பாட்டு

முப்பதைத் தாண்டி நாலைந்து வருஷமாகி, மாடிப்படி ஏறினால் முட்டி சத்தம் போடுகிற என் வயதுக்காரர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ரீமிக்ஸும் மிக்ஸ்டேப்பும் ஒன்றா வேறா என்று போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை நடந்ததே, அதில் நான் வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்காது. ‘ரெண்டும் மிக்ஸிங்தானே’ என்று எழுதிவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிய அந்த ஆளை மட்டும் நேரில் பார்த்தால் சும்மா விடமாட்டேன். ரெண்டும் ஒன்றுதான் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் காரியத்திலும் இறங்கினேன்.

சுனாமி வந்துபோய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்த பெரிய லீவு அது. நாங்கள் அந்தமானில், விமான நிலையத்தை ஒட்டிய லம்பா லைனில் இருந்தோம். அப்பாவுக்கு அரசாங்க ஆபீசில் குமாஸ்தா வேலை. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, இராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி வந்து எங்கள் வீட்டிலேயே தங்கித் தனியார் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். போர்ட் பிளேரிலிருந்து சௌல்தாரி வழியாகக் கடற்கரையோர வண்டூர், பிறகு அதே வழியில் திரும்ப. லீவு நாட்களில் என் இடம் அவர் பக்கத்தில் இன்ஜின் மூடிமேல். சூடு தாங்காமல் சாக்கை மடித்துப் போட்டு உட்காருவேன். டீசல் வாடை, பின்னால் மீன் கூடை வாடை, முன்னால் மாமாவின் சந்தன வில்லை வாடை, மூன்றும் சேர்ந்ததுதான் எனக்கு லீவு.

மாமாவின் பஸ்ஸில் ஒரே ஒரு கேசட்தான். ஒரு பக்கம் வண்டூர் போக, மறுபக்கம் திரும்பி வர. அதை அவர் கடையில் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எங்கள் வீட்டு டபுள் டெக் டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்து தயாரித்தார். பயணிகளிடம் கேசட் இரவல் வாங்கி வருவார். நாங்கள் மாஷி என்று கூப்பிடும் மீன்காரப் பெங்காலி அம்மா ஒன்று கொடுப்பார், வண்டூர்த் தெலுங்கு மீனவர் ஒன்று, ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் மலையாள சேச்சி ஒன்று, ரோடு போடும் ராஞ்சிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒன்று. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மாமா பஸ் நிறுத்தங்களைக் கோடு போட்டு வைத்திருந்தார். அப்பாவின் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒவ்வொரு பாட்டும் எத்தனை நிமிஷம் என்று சொல்வது என் வேலை.

“மூணு நிமிஷம் அம்பது செகண்ட், மாமா.”

“அப்ப இது ராஞ்சி பஸ்திக்குச் சரியா வரும். எழுதிக்கோ.”

ராஞ்சிக்காரர்களின் குடியிருப்பு வரும்போது ராஞ்சிப் பாட்டு, பெங்காலி வீடுகள் வரும்போது பெங்காலிப் பாட்டு. வண்டி நின்றால் பாட்டையும் நிறுத்துவார். கிளம்பினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். அதற்குத் தகுந்தபடி சில இடத்தில் ஊர்வார், சில இடத்தில் பறப்பார். தூரத்தில் தங்கள் பாட்டைக் கேட்டுத்தான் ஜனங்கள் வீட்டைவிட்டுக் கிளம்பினார்கள். கடிகாரம் பார்த்து அந்த பஸ்ஸுக்கு வந்தவர்களை நான் கண்டதில்லை.

திரும்பும்போது மட்டும் ஒரு வினோதம். வண்டூரிலிருந்து சௌல்தாரி வரை பாட்டே கிடையாது. சௌல்தாரியில் ஆட்களை ஏற்றிய பிறகுதான் மாமா கேசட்டைப் போடுவார். முதலில் ஒரு தமிழ்ப் பாட்டு, அடுத்தது வயலினில் தொடங்கும் நீளமான தாலாட்டு. அந்தத் தாலாட்டு ஓடும்போது பஸ் தண்ணீருக்கு நடுவில் போகும். உங்களுக்குத் தெரியும் அந்த இடம். சுனாமியில் நிலம் தாழ்ந்து, வயலுக்குள் வந்த கடல் திரும்பிப் போகவே இல்லை. மேடாக்கிப் போட்ட ரோட்டுக்கு இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர், அதில் தலையில்லாத தென்னை மரங்கள். மாமா அங்கே மட்டும் ஒரே சீராக ஓட்டுவார். தண்ணீர் முடியும்போது தாலாட்டும் முடியும்.

சௌல்தாரியில் தினமும் ஏறுகிற ஒரு அக்கா இருந்தாள். கச்சால் தீவிலிருந்து வந்தவள். சிலோன் மலைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறிய குடும்பம். சுனாமிக்குப் பிறகு சௌல்தாரியில் பெரியப்பா வீட்டில் இருந்தாள். டவுனில் ஒரு தையல் கடையில் வேலை. இருட்டிய பிறகுதான் வேறு பஸ்ஸில் வீடு திரும்புவாள். பஸ்ஸிலேயே தலையைக் குனிந்து ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி தைத்துக்கொண்டு வருவாள். தாலாட்டு தொடங்கியதும் ஊசியைத் துணியில் குத்திவிட்டு, முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். பாட்டு முடிந்ததும் எழுந்து மறுபடி தைப்பாள். நான் அவளுக்குத் தூங்குமூஞ்சி அக்கா என்று பெயர் வைத்திருந்தேன். கண்டக்டர்கூட, “ராத்திரி எல்லாம் என்ன பண்ணுது இந்தப் பொண்ணு?” என்று கேட்பார்.

அந்த லீவில்தான் எதிரி வந்தான். அதே வழித்தடத்தில் புது பஸ், சிடி பிளேயர், ஆள் உயர ஸ்பீக்கர். போட்டதெல்லாம் ரீமிக்ஸ். பழைய பாட்டைப் பிடித்து, நடுவில் டும் டும் என்று தாளத்தை ஏற்றி, இரண்டு வரி இங்கிலீஷ் கத்தலைச் சேர்த்திருப்பார்கள். உள்ளதைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. இப்போதும் கல்யாண வீட்டில் போட்டால் என் கால் சும்மா இருக்காது. காலேஜ் பசங்கள் கூட்டமாக அதற்கு மாறினார்கள். எங்கள் பஸ்ஸில் மாஷியும் மீன் கூடையும் மிச்சம்.

ஒருநாள் பஸ் முதலாளி எங்கள் வீட்டுக்கே வந்தார். ஆந்திராக்காரர், பேசுவது இந்தியும் தமிழுமாக.

“அரே பாய், தாலாட்டு போட்டா பேசஞ்சர் தூங்குவான், பஸ்ஸில ஏறமாட்டான். ரீமிக்ஸ் லகாவ், ரீமிக்ஸ் போடு. மாசக் கடைசி வரைக்கும் பார்க்கிறேன். இல்லேன்னா சாவி வேற டிரைவர்கிட்ட போகும். சமஜ் கயா, புரிஞ்சுதா?”

“கேசட்டை மாத்த மாட்டேங்க” என்றார் மாமா.

முதலாளி போனதும் அம்மா பிடித்துக்கொண்டார். “ஒரு பாட்டுக்காகவாடா வேலையை விடுவே? வேலை போச்சுன்னா இங்க என்ன இருக்கு உனக்கு? ஊருக்குப் போய் அப்பா கடையில உக்காரு. பொண்ணு போட்டோ நாலு வந்திருக்கு, ஒண்ணையாவது பாக்குறியா?” மெயின்லேண்டிலிருந்து வரும் ஒவ்வொரு கப்பலிலும் யாராவது ஒருவர் கையில் ஒரு பெண்ணின் போட்டோ வரும். மாமா உறையைப் பிரிக்காமலே அலமாரி மேல் வைப்பார். பிடிவாதக்காரன், சோம்பேறி, உருப்படமாட்டான் என்று பெரியவர்கள் எல்லாரும் தீர்ப்புச் சொல்லி முடித்தார்கள்.

மாமா ஊருக்குப் போய்விடுவாரோ என்று பயந்தேன். அவர் இல்லாத லம்பா லைனை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அன்று மாலை பக்கத்து வீட்டுப் பெங்காலித் தோழியிடம் சொன்னேன். அவளிடம் ஒரு கீபோர்டு இருந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் அதுவே டிஸ்கோ தாளம் போடும். “கேசட் மாத்த மாட்டேன்னுதானே சொன்னார்? அதே கேசட்டையே ரீமிக்ஸ் ஆக்கிட்டா?” என்றாள். என்ன மூளை அவளுக்கு! இப்போது அவள் வக்கீலாக இருப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

மாமா குளிக்கப் போன நேரத்தில் கேசட்டை எடுத்து, அதன் உறையில் வேறொன்றைச் சொருகிவைத்தேன். மேலே யாரும் பதிந்துவிடக் கூடாது என்று கேசட்டின் விளிம்பில் இருந்த இரண்டு துண்டுகளையும் மாமா உடைத்திருந்தார். மாமா வெளியே போனதும் அந்தக் குழிகளில் செலோடேப் ஒட்டினோம். வேண்டிய பாட்டுகளை முதலில் ஒரு வெற்றுக் கேசட்டில் நகல் எடுத்துக்கொண்டோம். எங்கள் டபுள் டெக்கில் அந்த நகல் ஓட, அதன் பக்கத்தில் கீபோர்டு தாளம் அடிக்க, எதிரில் தோழி வீட்டு டேப் ரெக்கார்டர் திறந்த மைக்கில் அத்தனையையும் மாமாவின் கேசட்டில் பதிந்தது. நான் பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவிழ்த்துத் தட்டினேன். நடுநடுவே தோழி, “கம் ஆன்! கம் ஆன் பஸ்!” என்று கத்தினாள். எங்கள் கூரைக்கு மேலாகத்தான் விமானம் தாழ்ந்து இறங்கும். தகரமெல்லாம் அதிரும். அது போகும்வரை பதிவை நிறுத்திவைக்கத் தோன்றவில்லை. இரண்டு பக்கமும் நிரப்பினோம். வரிசையை மாற்றினோம். தாலாட்டை முதலிலேயே கழித்துக்கட்டினோம். பஸ்ஸில் யாருக்கு வேண்டும் தாலாட்டு?

மறுநாள் காலை ஒன்றும் தெரியாதவள் மாதிரி இன்ஜின் மூடிமேல் உட்கார்ந்தேன். டவுனைத் தாண்டியதும் மாமா கேசட்டைத் தள்ளினார். டும் சிக்கு டும் சிக்கு. கம் ஆன் பஸ்! மாமா என்னைப் பார்த்த பார்வையில் நான் சாக்கோடு சாக்காக ஒட்டிக்கொண்டேன். அவர் கை பொத்தானுக்குப் போனது. பின்சீட்டில் தவறி ஏறிய இரண்டு காலேஜ் பசங்கள், “பஜ்னே தோ, உஸ்தாத்!” என்று கூவினார்கள். ஓடட்டும் என்று விடச் சொல்கிறார்கள். மாஷி மீன் கூடையைத் தட்டிச் சிரித்தார். ஆனால் ராஞ்சி பஸ்தியில் ரோட்டுக்கு ஒருவரும் வரவில்லை. பஸ் தாண்டிப் போன பிறகு ஒருவர் பலாப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, “ருகோ! ருகோ!” என்று பின்னாலேயே ஓடிவந்தார். ஏறியதும் மூச்சு வாங்க, எங்கள் பாட்டு எங்கே, யாருடைய பஸ் இது என்று சண்டைக்கு வந்தார். அன்று இப்படி ஏழெட்டுப் பேர் ஓடினார்கள்.

வண்டூரில் எல்லாரும் இறங்கிய பின் மாமா என்னிடம் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“எதுக்குடா கண்ணு இப்படிப் பண்ணினே?”

“நீங்க ஊருக்குப் போயிடுவீங்கன்னு.”

என் தலையில் கை வைத்தார். கேசட்டை வெளியே எடுத்துப் பார்த்து, “மறுபக்கத்தைத் தொடலையே?” என்றார்.

அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. “இல்ல மாமா” என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் இன்னும் என்னைக் கூசவைப்பது அதுதான்.

சௌல்தாரியில் அந்த அக்கா ஏறி, வழக்கமான சீட்டில் உட்கார்ந்து, துணியை மடியில் விரித்தாள். மாமா கேசட்டைத் திருப்பிப் போட்டார். டும் சிக்கு டும் சிக்கு.  ஒரு கையால் ஓட்டிக்கொண்டே மறுகையால் டேப்பை முன்னே ஓட்டினார். நிறுத்திப் பார்த்தார், பக்கெட் சத்தம். மறுபடி ஓட்டினார், கம் ஆன் பஸ். “தாலாட்டு எங்கடா?” என்றார். நான் அழ ஆரம்பித்தேன். அதற்குள் பஸ் தண்ணீருக்கு நடுவில் வந்துவிட்டது. ரோடு குறுகல், எதிரே லாரி. மாமா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தார். டேப் தன்போக்கில் ஓடியது.

அப்போது கேசட்டில் விமானம் வந்தது. முதலில் உறுமலாக, பிறகு கடலே எழும்பி வருவதுபோல் பஸ் கண்ணாடியெல்லாம் அதிர்கிற இரைச்சலாக. அக்கா தலையை நிமிர்த்தினாள். இரண்டு பக்கமும் தண்ணீர். அவள் எழுந்து நின்றதும், மடியிலிருந்த துணியெல்லாம் கீழே விழுந்ததும், வாய் திறந்து சத்தமே வராமல் நின்றதும் எனக்கு இன்னும் அப்படியே தெரிகிறது. அவள் தூங்குமூஞ்சி இல்லை என்று அந்த நொடியில் எனக்குப் புரிந்தது. கண்ணை மூடிக்கொண்டது தூங்குவதற்கு இல்லை. கச்சாலில் அவள் அப்பாவையும் வீட்டையும் கொண்டுபோன தண்ணீர் அது. இந்த ஒரு இடத்தில் அது அவள் கண்ணில் படாமல் இருக்கத்தான் மாமா பாட்டைப் போட்டு, தண்ணீர் வருகிறது என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தார். காலண்டர் தாள், கைக்கடிகாரம், ஊர்ப்பட்ட பாட்டு எல்லாம் இந்த ஒரு தாலாட்டைச் சரியான இடத்தில் வைப்பதற்காக. லாரி தாண்டியதும் மாமா பிரேக்கை மிதித்தார்.

பஸ் நின்றது, பாட்டை நிறுத்த மறந்தார். விமானம் இறங்கி முடிந்தது. அடுத்து கேசட்டிலிருந்து என் அம்மாவின் குரல் கணீரென்று வந்தது:

“அடியே! மூணு விசில் வந்தா அணைக்கச் சொன்னேனா இல்லையா? அஞ்சு வந்தாச்சு! பருப்பு பாயாசமாயிருச்சு! அந்தப் பக்கெட்டைக் குடு இங்க, துணி ஊறவைக்கணும்!”

தொடர்ந்து குக்கரின் ஆறாவது விசில், நீளமாக.

பஸ்ஸே வெடித்துச் சிரித்தது. தமிழ் தெரியாதவர்கள் குக்கருக்குச் சிரித்தார்கள், தெரிந்தவர்கள் பருப்புக்குச் சிரித்தார்கள். நான் பயந்துபோய் அக்காவைப் பார்த்தேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கன்னமெல்லாம் ஈரம், தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றே நினைத்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண் திறந்திருந்தது. வெளியே தண்ணீர் அங்கேயே கிடந்தது. ஒரு கொக்கு தென்னை மொட்டைமேல் உட்கார்ந்திருந்தது. அவள் அதையும் பார்த்தாள்.

பிறகு தடுமாறி நடந்து முன்னால் வந்தாள். ஒரு வருஷத்துக்கு மேலாக மாமாவிடம் ஒரு வார்த்தை பேசாதவள் கேட்டாள்:

“எனக்குப் போடுற பாட்டு எங்கங்க?”

மாமா சட்டென்று திரும்பினார். யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்திருந்தார். அம்மாவுக்குத் தெரியாது, கண்டக்டருக்குத் தெரியாது, கடிகாரம் பார்த்த எனக்கே தெரியாது. அவளுக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது.

“நான்தான் அழிச்சுட்டேன்” என்று விம்மினேன். “மன்னிச்சிருங்க அக்கா. அந்தப் பாட்டு இனிமே இல்ல.”

அவள் ஜன்னல் பக்கம் ஒருமுறை திரும்பினாள். “இல்லாட்டிப் போகுது புள்ள” என்றாள். “ஒரே பாட்டத்தான் எத்தன நாளைக்கிக் கேக்க ஏலும்?”

இதுதானய்யா, வாட்ஸ்அப் மேதையே, வித்தியாசம். ரீமிக்ஸில் பாட்டை மாற்றுகிறார்கள், ஊரே ஆடுவதற்காக. அதில் தப்பில்லை. மிக்ஸ்டேப்பில் பாட்டைத் தொடுவதில்லை. எதற்குப் பின் எது என்று அடுக்குகிறார்கள், ஒரே ஒரு ஆளுக்காக. அந்த நாட்களில் மாமாவின் பஸ்ஸில் நாற்பது பேர் கேட்டுக்கொண்டு போனார்கள், கேசட் ஒருத்திக்குத்தான்.

வேலை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அந்த இரண்டு காலேஜ் பசங்களும் கதையைப் பரப்பிவிட்டார்கள். மறுநாள் ஒரு கூட்டமே ஏறி, “குக்கர்வாலா கேசட் லகாவ்!” என்றது. ஆறாவது விசிலுக்கு எல்லாரும் சேர்ந்து வாயால் விசில் அடித்தார்கள். மாசக் கடைசியில் முதலாளி தானே ஏறி உட்கார்ந்து பார்த்தார். அம்மாவின் பருப்பு வந்ததும் அவர் தொப்பை குலுங்கியது. சாவியைப் பற்றி அதன்பின் பேசவே இல்லை. ரீமிக்ஸ்தான் பஸ்ஸைக் காப்பாற்றியது என்று கடைசி வரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து அக்கா ஒரு காகிதத்தை என் கையில் கொடுத்து, “ஒங்க மாமாகிட்ட குடுங்க” என்றாள். தையல் கடை ரசீதின் பின்பக்கம், நம்பர் போட்டு நாலு பாட்டு. ஞாயிற்றுக்கிழமை நான் கடிகாரத்தோடு உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன்.

“மாமா, அந்த அக்காவுக்குக் கணக்கு வராது போல. சௌல்தாரியிலேருந்து டவுனுக்கு ஆறு பாட்டு வேணும். இதுல நாலுதான் இருக்கு. பாதி வழியில முடிஞ்சிரும்.”

மாமா காகிதத்தை வாங்கி, காலண்டர் தாளைப் பார்த்தார். திரும்பக் காகிதத்தைப் பார்த்தார். காது மடல் சிவந்துபோனது.

“இது டவுன் பக்கம் இல்லடா. இது வண்டூர் பக்கம்.”

அவள் கடலுக்குக் கூட்டிப்போகச் சொல்லியிருந்தாள். அம்மாவிடம் விஷயம் போனபோது, தலையில் கை வைத்துக்கொண்டார். “மெயின்லேண்டுலேருந்து கப்பல் கப்பலா போட்டோ வரவழைச்சேனே பாவி! சௌல்தாரியில பஸ் ஏறுற பொண்ணுன்னு சொல்லியிருந்தா நடந்தே போய்ப் பாத்திருப்பேனே!” அவளை நான் அத்தை என்று கூப்பிடத் தொடங்கி இப்போது பதினெட்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதெல்லாம் பிறகு.

அடுத்த வாரம் அந்த நாலு பாட்டும் சௌல்தாரியில் தொடங்கி, வண்டூர் கடைசி நிறுத்தத்தில் நாலாவதின் கடைசி வரியில் வந்து நின்றன. மரங்களுக்கு நடுவில் கடல் தெரிந்தது. மாமா இன்ஜினை அணைத்தார். அத்தை, “நீங்க எல்லாம் இங்கனயே இருங்க” என்று சொல்லிவிட்டுத் தனியாக இறங்கி நடந்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். டவுனுக்குத் திரும்ப ஏறியிருந்தவர்கள் அத்தனை பேரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். மாஷி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். நேரமாகிறது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. மாமா மட்டும் பார்க்கவில்லை, ஸ்டியரிங்மேல் குனிந்திருந்தார்.

எவ்வளவு நேரம் என்று நான் கடிகாரம் பார்க்கவில்லை. அவள் திரும்பி வந்தபோது சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. படியேறி, ஈரக் காலோடு நடந்து, டிரைவருக்கு நேர் பின்னால் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தாள்.

“போலாங்க” என்றாள்.

கண்டக்டர் விசிலைக் கையில் பிடித்தபடி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார். ஊத மறந்துவிட்டார். நான் இரண்டு விரலை வாயில் வைத்து, அந்தத் தென்னந்தோப்பே திரும்பிப் பார்க்கும்படி ஒரு விசில் அடித்தேன். பஸ் கிளம்பியது.